சீனாவில் இருக்கிறேன், போனில் பணம் போகவில்லை. அவசரம்!

பசித்தவன்:
நேற்றுவரை ஒழுங்காக இருந்தது. இன்று காலையிலிருந்து எந்தக் கடையில் ஸ்கேன் செய்தாலும் போகவில்லை. சீன எழுத்தில் ஏதோ நீளமாக வருகிறது. கணக்கில் பணம் இருக்கிறது. கையில் ரொக்கம் சுத்தமாக இல்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

முத்துநதி:
எந்த ஊர்? சீன வங்கி அட்டையா, இந்திய அட்டையா? அந்த நீளமான செய்தியைப் படம் பிடித்துப் போடுங்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது?

ரயிலடி:
தடைசெய்த தளங்களைப் பார்க்க வி.பி.என். செயலி ஏதாவது ஓடுகிறதா? அணையுங்கள். எனக்கு எது கெட்டாலும் அதுதான் காரணம்.

வாத்தியார்:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. நான் 2009இல் வந்தபோது நூறு யுவான் நோட்டுகளைக் கற்றையாக வைத்திருப்பேன். கடைக்காரர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். இப்போது வருகிறவர்களுக்குப் போன் அணைந்தால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. ரொக்கத்தை மறுப்பது இங்கே சட்டப்படி தப்பு, தெரியுமா?

ரயிலடி:
சட்டம் சரி சார். காய்கறி விற்கும் பாட்டியிடம் நூறு யுவானை நீட்டிப் பாருங்கள். சில்லறைக்கு அவர் எங்கே போவார்?

பசித்தவன்:
குவாங்சோ. சீன வங்கி அட்டைதான், சம்பளக் கணக்கு. வி.பி.என். அணைத்தும் பயனில்லை. காலையில் சாங்ஃபென் வண்டியில் மானமே போச்சு. அரிசி மாவைத் தட்டில் ஊற்றி, முட்டை உடைத்து, ஆவியில் வேகவைத்து, சுருட்டி, சோயா சாஸ் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டார். வழக்கமாக வண்டியில் தொங்கும் பெட்டி "எட்டு யுவான் வந்தது" என்று கத்தும். இன்று கத்தவில்லை. பின்னால் வரிசை. அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாளைக்குக் கொடு என்று கையைக் காட்டிவிட்டார்.

நம்மூர்க்காரன்:
நம்மூர் டீக்கடைப் பெட்டியும்தான் கத்துகிறது. யூபிஐ முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

வாத்தியார்:
யூபிஐ வந்ததே 2016இல். இங்கே வீசாட் செயலியில் 2013லேயே பணம் கட்டினார்கள்.

நம்மூர்க்காரன்:
அந்தக் கியூஆர் கட்டமே சீனாக்காரன் கண்டுபிடித்ததில்லை சார். 1994இல் ஜப்பானில், கார் உதிரிபாகக் கணக்குக்காகச் செய்தது.

வாத்தியார்:
அதை நான் மறுத்தேனா? முதலில் எழுதியதைப் படியுங்கள்.

முத்துநதி:
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். பசித்தவன் தம்பி, சமீபத்தில் பாஸ்போர்ட் புதுப்பித்தீர்களா?

பசித்தவன்:
ஆமாம், போன மாதம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

முத்துநதி:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! இங்கே நமக்கு எல்லாமே பாஸ்போர்ட் எண்தான். புதியதில் எண் மாறிவிடும். வங்கியில் இருக்கும் பழையது காலாவதியானதும் கணக்கை நிறுத்திவைப்பார்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்கே போங்கள். முதலில் வங்கி, அப்புறம் சிம், கடைசியாகச் செயலி. பெயரையும் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. வங்கிக்காரர் எப்படித் தட்டுகிறாரோ, அதே வரிசை, அதே இடைவெளி செயலியிலும் இருக்க வேண்டும். ஒரே ஒரு இடைவெளிக்காக நான் மூன்று தடவை நடந்தேன். அதுவரை நண்பரிடம் ரொக்கம் வாங்கி, மெட்ரோ நிலையத்தில் யாங்செங்தோங் என்ற பயண அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் அதுவே போதும்.

ஷாங்காய் அக்கா:
தம்பி, குடியிருப்பு அனுமதியில் புது எண்ணை மாற்றினீர்களா? 10 நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். வங்கியைவிட அதுதான் பெரிய தலைவலி.

பசித்தவன் (இரண்டு நாள் கழித்து):
வங்கியில் பழைய எண்தான் இருந்தது. மாற்றியாயிற்று, வேலை செய்கிறது. அந்த அம்மாவுக்கு எட்டு யுவானும் கொடுத்துவிட்டேன். நன்றி.

ஷாங்காய் அக்கா:
குடியிருப்பு அனுமதி என்னாச்சு தம்பி?

ஷாங்காய் அக்கா:
தம்பி?