பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சோறு போட்டால் திருட்டா? பிரிட்டிஷ் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காலைச்செய்தி:

ஆகஸ்ட் வந்தால் பார்லிமென்ட் விடுமுறை, பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்குச் செய்திப் பஞ்சம். 'சில்லி சீசன்' (அசட்டுச் செய்திக் காலம்) என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவெல்லாம் காலுறை திருடிவரும் பூனை, கடைக்குள் நடந்துவந்து சிப்ஸ் பாக்கெட்டைக் கவ்விப் போகும் கடற்புறா, அடுத்த வீட்டார் மீன் போட்டே வளைத்துக்கொண்ட பூனை. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பாதிச் செய்திகள் 'போலீஸுக்குத் தகவல் தரப்பட்டது' என்று முடிகின்றன. என்ன சட்டத்தில் என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை.

என் சந்தேகங்கள் மூன்று. பூனை திருடினால் யார் மேல் வழக்கு? அடுத்தவர் பூனைக்குச் சோறு போடுவது 2024-ல் வந்த புதுச் சட்டப்படி கடத்தலா? 'கொண்டுவந்து கொடுத்தால் போதும், எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்' என்று நாய் காணவில்லை நோட்டீசில் போடுவது குற்றம் என்கிறார்களே, நிஜமா, புருடாவா?

திண்ணை வக்கீல்:

காலுறைப் பூனையை முதலில் முடித்துவிடலாம். 1968 திருட்டுச் சட்டத்தின் முதல் பிரிவுப்படி நேர்மையற்ற எண்ணம் வேண்டும், பிறர் பொருளை எடுத்திருக்க வேண்டும், திருப்பித் தரவே கூடாது என்ற நோக்கமும் வேண்டும். பூனைக்கு இதில் எதுவும் பொருந்தாது. சிக்கல் அதை வளர்ப்பவருக்குத்தான். ஒரு பொருள் தப்பில்லாமல் கைக்கு வந்திருந்தாலும், பிறகு அதைத் தனதாக வைத்துக்கொண்டால் அதுவும் 'எடுத்தல்'தான் என்கிறது 3(1)-ம் பிரிவு. நியாயமான முயற்சி எடுத்தாலும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது என்று உண்மையாகவே நம்பினால் அது நேர்மையின்மை ஆகாது, இது 2-ம் பிரிவு. ஆக, அந்தச் செய்திகளில் வரும் ஆட்கள் வாசலில் ஒரு பெட்டி வைத்து 'உங்கள் காலுறை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஒட்டுகிறார்களே, அது வேடிக்கை மட்டுமல்ல, சட்டப்படி சரியான காரியமும் அதுதான்.

கடற்புறா காட்டுப் பறவை. யாருடைய சொத்தும் இல்லை, எனவே யாரும் பொறுப்பில்லை. சிப்ஸ் கடைக்காரர் கணக்கில். ஆத்திரத்தில் அதை அடித்துக் காயப்படுத்தினால் 1981 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டப்போவது அடித்தவர்தான்.

இனி பூனைச் சோறு. செல்லப்பிராணி கடத்தல் சட்டம் 2024 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒரே ஒரு சொல். நாய்க்கான பிரிவில் 'எடுத்துச் செல்லுதல் அல்லது தடுத்து வைத்தல்' என்று இரண்டும் உண்டு. பூனைக்கான பிரிவில் 'எடுத்துச் செல்லுதல்' மட்டும். நாய் தனியாக அலைந்தால் வழிதவறிய நாய். பூனை அலைந்தால் அது பூனை, அவ்வளவுதான். நாலு வீட்டில் சாப்பிட்டு ஐந்தாவது வீட்டு சோபாவில் தூங்கும் பிராணிக்கு 'தடுத்து வைத்தல்' என்று எழுதினால் தெருவில் பாதிப் பேர் குற்றவாளி.

பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் ஒரு கிண்ணம் வைக்கிறார், பூனை தின்றுவிட்டுப் போகிறது. கடத்தல் இல்லை. கூண்டில் போட்டு வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார். கடத்தல். தூக்கித்தான் போக வேண்டும் என்றும் இல்லை, ஆசை காட்டித் தன்னோடு வரச் செய்வதும் 'எடுத்துச் செல்லுதல்'தான். அடிபட்டுக் கிடந்ததை மருத்துவரிடம் கொண்டுபோனால் 'நியாயமான காரணம்' என்ற தற்காப்பு உண்டு.

நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பூனை தானாக உள்ளே வந்தது, அவர் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டார். புதுச் சட்டத்தில் இதைப் பொருத்துவது கடினம். பழைய திருட்டுச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே நிரந்தரமாகப் பறிக்கும் நோக்கத்தைக் காட்ட வேண்டும். பழைய கழுத்துப்பட்டையைக் கழற்றிப் புதியது மாட்டியது, பூனையின் தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவைத் தன் பெயருக்கு மாற்ற முயன்றது, இரண்டும் அதற்கு வலுவான சாட்சி. ஆகவே பட்டை மாறி வரும் ஒவ்வொரு முறையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைக்கும்படி பூனையின் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். வெறும் 'என் பூனை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது' என்று போனால் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

வடகரை:

மேலே சொன்னது சரி, ஆனால் 'பிரிட்டிஷ் சட்டம்' என்று பொதுவாகப் பேசுவதே தப்பு. அந்தக் கடத்தல் சட்டம் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும். வேல்ஸில் பழைய திருட்டுச் சட்டம். ஸ்காட்லாந்தில் திருட்டு என்பதே எழுதப்பட்ட சட்டத்தில் இல்லாத, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வந்த பொதுவழக்குக் குற்றம். வேல்ஸில் உள்ள கார்டிஃப் பூனைக்கும் இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டல் பூனைக்கும் ஒரே விதி என்று நினைத்துப் புகார் எழுத வேண்டாம்.

இன்னொரு விசித்திரம்: திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு, புதுக் கடத்தல் குற்றத்துக்கு 5. பிறகு எதற்குப் புதுச் சட்டம் என்று கேட்கலாம். திருட்டு வழக்கில் தண்டனை பொருளின் விலையில் ஆரம்பிக்கிறது. 500 பவுண்டு வரை உள்ளது மிகக் குறைந்த தண்டனைக்கான கடைசிப் படி. சாதாரண நாட்டுப் பூனைக்குச் சந்தை விலை என்ன இருக்கிறது? மனவேதனையைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு, ஆனாலும் தொடங்கும் இடம் விலைதான். கடத்தல் சட்டம் விலையைக் கேட்பதில்லை, யார் வசம் இருந்து போனது என்று பார்க்கிறது. நிரந்தரமாகப் பறிக்கும் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கணவன் மனைவி பிரியும்போது நாயை யார் கொண்டுபோவது என்ற சண்டை இதில் வராது. அந்தப் பிராணியோடு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. அதைக் கடத்தல் என்று புகார் கொடுப்பவர்களும் உண்டு, நேர விரயம்.

நோட்டீஸ் ஒட்டி:

மூன்றாவது கேள்வி புருடா இல்லை. திருட்டுச் சட்டம் 23-ம் பிரிவு. திருட்டுப்போன அல்லது தொலைந்த பொருளைத் திருப்பித் தந்தால் கேள்வி கேட்க மாட்டோம், பிடித்துக் கொடுக்க மாட்டோம், வாங்கக் கொடுத்த பணத்தைத் தந்துவிடுகிறோம் என்ற தொனியில் பொது விளம்பரம் செய்தால் குற்றம். விளம்பரம் கொடுத்தவர் மட்டுமல்ல, அச்சிட்டவரும் வெளியிட்டவரும் சேர்த்தி. அபராதம் 1,000 பவுண்டு வரை. சன்மானம் அறிவிப்பது தப்பில்லை, அந்த வாக்குறுதிதான் தப்பு.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது. பழைய பொதுவழக்கில் நாய் திருட்டுக்குரிய சொத்தே இல்லை. பட்டையைத் திருடினால் குற்றம், பட்டைக்குள் இருக்கும் நாயைத் திருடினால் இல்லை! 1770-ல் தனிச் சட்டம் போட்டும் அடங்கவில்லை. விக்டோரியா காலத்து லண்டனில் நாயைத் தூக்கி, பணம் வாங்கி, திருப்பிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த கும்பல்கள் இருந்தன. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஸ்பேனியல் நாய் ஃப்ளஷ் மூன்று முறை போய், மூன்று முறையும் பணம் கட்டி மீட்கப்பட்டது. இந்த மாதிரி விளம்பரத் தடை 1861 சட்டத்திலேயே உண்டு.

நோட்டீசில் எழுத வேண்டியது: இனம், நிறம், காணாமல் போன தெரு, தேதி, நேரம், 'மைக்ரோசிப் உண்டு', ஒரு போன் எண். 'சரியான தகவலுக்குச் சன்மானம்' என்றால் போதும், தொகை வேண்டாம். தொகையைப் பார்த்ததும் ஏமாற்றுக்காரர்கள் போன் செய்வார்கள். ஒரு அடையாளத்தை, உதாரணமாக வலது பின்காலில் மட்டும் வெள்ளை விரல் என்பதை, வேண்டுமென்றே எழுதாமல் விடுங்கள். 'நாய் என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு' என்பவரிடம் அதைக் கேளுங்கள். பதில் வராது.

காலைச்செய்தி:

நன்றி ஐயா. நாய் போய்விட்டது என்றால் முதல் நாள் என்னென்ன செய்ய வேண்டும்?

நோட்டீஸ் ஒட்டி:

திருடுவதைக் கண்ணால் பார்த்தால் போலீஸின் அவசர எண் 999, இல்லையென்றால் அவசரமில்லாத புகாருக்கான 101. 'காணவில்லை' என்று பதிவாகாமல் திருட்டு அல்லது கடத்தல் என்று பதிவாக வேண்டும். குற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள், காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு சிப் பதிவு நிறுவனத்துக்குப் போன் செய்து 15 இலக்க எண்ணைச் சொல்லி 'திருடப்பட்டது' என்று குறிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எவராவது அந்தச் சிப்பைத் தேடினால் அப்போதுதான் தெரியவரும்.

அடுத்தது கவுன்சில். வழிதவறிய நாய்க்குப் பொறுப்பு போலீஸ் இல்லை, உள்ளூர் கவுன்சில். பிடித்த நாயை 7 நாள் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு சட்டப்படி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். திருடன் நாயை வழியில் விட்டுவிட்டு ஓடுவதும் உண்டு, அதனால் திருட்டுதான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பக்கத்துக் கவுன்சில்கள் உட்பட எல்லோருக்கும் சொல்லுங்கள். பூனைக்கு இந்த ஏற்பாடே இல்லை.

வடகரை:

சிப்பில் ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது 'வளர்ப்பவர்' பெயர், அது உரிமைப் பத்திரம் இல்லை. வாங்கிய ரசீது, மருத்துவர் பதிவு, குட்டியிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். இங்கிலாந்தில் நாய்க்கு 8 வாரத்துக்குள்ளும், 2024 ஜூன் 10 முதல் பூனைக்கு 20 வாரத்துக்குள்ளும் சிப் கட்டாயம். வீடு மாறிய பிறகு பழைய முகவரியை மாற்றாமல் விடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு, சிப் இருந்தும் பயனில்லாமல் போகும். நாயின் கழுத்துப்பட்டையில் வளர்ப்பவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், 1992-ல் வந்த உத்தரவு. நாயின் பெயரைப் பொறிக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திருடன் பின்னாலும் வாலாட்டிக்கொண்டு போகும்.

திண்ணை வக்கீல்:

பூனை என்றதும் நினைவுக்கு வருவது. காரில் நாய், ஆடு, பன்றி, கழுதை, கோவேறு கழுதை எதை மோதினாலும் நிறுத்திப் பெயர் முகவரி தர வேண்டும், முடியாவிட்டால் போலீஸில் சொல்ல வேண்டும். 1988 சாலைச் சட்டத்தின் 170-ம் பிரிவு. அந்தப் பட்டியலில் பூனை கிடையாது.