புயல் மழையில் கூட்ஸ் வண்டி ஓடுமா? லத்தேரியில் ஒன்று நின்றுகொண்டே இருக்கிறது

லத்தேரிக்காரன்:
எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். நேற்று ராத்திரி மழை பிடித்ததிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி லூப் லைனில், அதாவது மற்ற வண்டிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கிற பக்கவாட்டுத் தண்டவாளத்தில், அப்படியே நிற்கிறது, பக்கத்து லைனில் பெங்களூர் வண்டி, கோவை வண்டி எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. அவ்வளவு கனமான வண்டியை மழை என்ன செய்துவிடும்? மாமா கே.வி.குப்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறார், காட்பாடிக்கு யூரியா ரேக், அதாவது யூரியா ஏற்றிய முழு கூட்ஸ் வண்டி, வரணும். புயல் சின்னம் என்று டிவியில் சொன்னதிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. புயல் வந்தால் கூட்ஸை நிறுத்திவிடுவார்களா?

ஜோலார்பேட்டை லோகோ:
தம்பி, அது மழைக்குப் பயந்து நிற்கவில்லை. மழையில் எங்கேயாவது காஷன் ஆர்டர், அதாவது மெதுவாகப் போகச் சொல்லும் உத்தரவு, போட்டு வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் வண்டியெல்லாம் தாமதமாகும், அப்போது வண்டிகளின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும் கன்ட்ரோலில் இருப்பவர் முதலில் லூப்பில் ஒதுக்குவது கூட்ஸ் ஓட்டும் எங்களைத்தான். உள்ளே போட்டால் சிக்னல் கிடைக்கும்வரை டீக்கும் வழியில்லை.

ஆனால் மழையில் எங்களுக்கு வேறு தொல்லை இருக்கிறது. கொட்டுகிற மழை பரவாயில்லை, தண்டவாளத்தைக் கழுவிவிட்டுப் போய்விடும். தூறல்தான் மோசம். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரத்தோடு சேர்ந்து குழைந்திருக்கும், இன்ஜின் இழுக்க இழுக்க சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். காட்பாடியிலிருந்து இந்தப் பக்கம் ஏற்றம்தான், ஜோலார்பேட்டை தாண்டி குப்பம் பக்கம் போனால் இன்னும் கடுமை. அதற்காகவே இன்ஜினில் மணல் பெட்டி உண்டு, சுவிட்சை அழுத்தினால் காற்றழுத்தத்தில் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும். மணல் ஈரமானால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் மழைக்காலத்தில் வண்டியைப் பொறுப்பெடுக்கும்போதே அதைப் பார்த்துவிடுவோம். பிரேக்கும் அப்படித்தான், லோடு வண்டி நிற்க சாதாரண நாளிலேயே ரொம்ப தூரம் வேண்டும், ஈரத்தில் இன்னும் முன்னாலேயே போட்டாக வேண்டும்.

திருவலத்தான்:
அண்ணன் சொன்னது வண்டியைப் பற்றி. எங்கள் அப்பா தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேனாக இருந்தவர், அவரைக் கேட்டால் வண்டியை விடு, பாதையைப் பார் என்பார். ஜல்லிக்குக் கீழே மண் கரைந்துவிட்டால் மேலே தண்டவாளம் நேராகத்தான் தெரியும், கனவண்டி ஏறினால்தான் இறங்கும். அதற்குத்தான் மழைக்கால ராத்திரியில் பாதையோரம் நடந்து பார்க்க ஆட்கள் பேட்ரோல் போகிறார்கள், கையில் விளக்கும் டெட்டனேட்டரும் இருக்கும். பழுதைப் பார்த்தால் வண்டி வரும் பக்கமாக ஓடிப்போய் டெட்டனேட்டரைத் தண்டவாளத்தில் வைப்பார்கள், சக்கரம் ஏறியதும் பட்டாசு மாதிரி வெடிக்கும், அதைக் கேட்டால் டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும்.

நம் பக்கம் பயம் பாலத்தில்தான். 2021 டிசம்பரில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னை ஆற்றுப் பாலம் பழுதாகி எத்தனை வண்டிகளை ரத்து செய்தார்கள், மறந்திருக்காது. அதற்கு முந்தைய மாதம்தான் பாலாறும் பொன்னையும் வெள்ளமாகப் போயிருந்தன. பொன்னையில் ஒரு வம்பு உண்டு, இங்கே ஒரு சொட்டு மழை இருக்காது, சித்தூர் பக்கம் பெய்து கலவகுண்டா அணையைத் திறந்தால் ராத்திரியோடு வெள்ளம் வந்துவிடும். பாலத்தூணில் அபாய அளவுக்குக் கோடு போட்டிருப்பார்கள், தண்ணீர் அதைத் தொட்டால் எக்ஸ்பிரஸும் இல்லை கூட்ஸும் இல்லை. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2 அன்று, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

அரக்கோணம் யார்டு:
காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிக்குச் சிக்னலே கிடைக்காது, அது கடல். நம் பக்கம் காற்றடித்தால் மரமோ மட்டையோ 25,000 வோல்ட் ஓவர்ஹெட் கம்பியில் விழுந்து கரண்ட் போவதுதான் நடக்கும், அதைச் சரிசெய்யும்வரை வண்டி நின்ற இடம்தான்.

என்னைக் கேட்டால் ஓடுகிற கூட்ஸைவிட, இன்ஜினைக் கழற்றிவிட்டு யார்டில் நிறுத்தியிருக்கிற வேகன்கள்தான் ஆபத்து. 2023 ஜூனில் ஒடிசாவில் ஜாஜ்பூர் கியோஞ்சர் ரோடு ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி வேகனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த கூலியாட்கள்மேல், சூறைக்காற்று தள்ளியதில் வண்டி நகர்ந்து ஏறி ஆறு பேர் இறந்துபோனார்கள். காலி வேகன் என்றால் இன்னும் லேசு. அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்தால் கை பிரேக்கைச் சுற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்கிறார்கள். காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் லோடு இறக்கப் போகிற பையன்களிடம் உங்கள் மாமா இதைச் சொல்லிவைக்கட்டும், மழை வந்தால் அவர்கள் முதலில் போய் ஒண்டுகிற இடம் வேகனுக்கு அடிதான்.

லத்தேரிக்காரன்:
ஐயோ, இது தெரியாது. சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, வழியில் இத்தனை மழையில் நின்றால் மூட்டை நனையாதா?

அரக்கோணம் யார்டு:
உரம் மூடிய வேகனில் வரும், கதவு ரப்பர் போயிருந்தால் ஓரத்து மூட்டை கொஞ்சம் நனையும், அவ்வளவுதான். நனைவதெல்லாம் வேகனிலிருந்து லாரிக்கு மாற்றும்போதுதான். மழை விடட்டும் என்று இறக்காமல் வைத்திருந்தால் டெமரேஜ், அதாவது வேகனை நேரத்துக்குள் காலி செய்யாததற்கு ரயில்வே வாங்கும் கட்டணம், ஏறும், ஆனால் அது ரேக் எடுத்த கம்பெனி கட்டுவது. மாமா லாரிக்குத் தார்ப்பாய் இரண்டாகப் போட்டு அனுப்பினால் போதும்.