புதுப்பிப்பு: சிங்கிள்-8 கார்ட்ரிட்ஜில் பிலிம் ஏற்றியது, இரண்டாம் முயற்சி

போன மாதம் எழுதியது இதுதான்: பழைய ஃபூஜி சிங்கிள்-8 கார்ட்ரிட்ஜை (வீட்டு சினிமா கேமராவுக்கான 8 மி.மீ. பிலிம் பெட்டி) திறந்து, அதே அகலமுள்ள கோடக் ட்ரை-எக்ஸ் சூப்பர் 8 கருப்பு-வெள்ளை பிலிமைச் சுற்றினேன், பாதியில் கேமரா நின்றுவிட்டது.

தப்பு கேமராவுடையது இல்லை, என்னுடையது. ஃபூஜி மெல்லிய பாலியெஸ்டரில் பிலிம் செய்தது. அதனால்தான் அந்தச் சின்னப் பெட்டியில் 50 அடி அடங்கியது. கோடக்கின் அசிடேட் அதைவிடத் தடிமன். முழுவதையும் திணித்ததில் சுருள் சுவரில் உரசியிருக்கிறது. இந்த முறை 40 அடியில் வெட்டினேன். இருட்டுப் பைக்குள் வியர்த்த கையோடு ஒட்டு நாடாவின் முனையைத் தேடியே பத்து நிமிடம் போனது. ஆனால் கடைசிவரை ஓடியது: விநாடிக்கு 18 பிரேம் வேகத்தில் 2 நிமிடம் 40 விநாடி.

முதல் சுருளில் வந்த கொஞ்சமும் வெளுத்துப் போயிருந்ததே, அதற்கும் விடை கிடைத்தது. பெட்டி ஃபூஜியின் ஆர்25 பிலிமுடையது. அதன் வெட்டுப் பள்ளத்தைப் பார்த்து கேமரா பிலிமின் ஒளியுணர்திறன் 25 என்று கணக்குப் போட்டது. உள்ளே இருந்ததோ 200. மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம்! இப்போது லென்ஸின் திறப்பான அபெர்ச்சரைக் கையால் வைக்கிறேன்.

'சூப்பர் 8 பெட்டியையே நிரப்பலாமே' என்று கேட்டிருந்தீர்கள். அது ஒட்டி மூடியது, திறந்தால் உடையும். சிங்கிள்-8இல் இரண்டு சுருளும் மேலும் கீழுமாக இருப்பதால் கை எளிதாகப் போகிறது, பின்னோக்கியும் சுற்றலாம்.

சுருளைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்.