வத்தல் மண்டியில் வேலை, ஓயாத தும்மல்: யாராவது வழி சொல்லுங்கள்

மதுரை நண்பர்களுக்கு வணக்கம். என் அண்ணன் கீழமாசி வீதியில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மூட்டை பிரித்தாலே அடுக்குத் தும்மல். விலை பேசும்போது தும்மினால் சகுனம் சரியில்லை என்று முதலாளி முகம் சுளிக்கிறாராம். அதனால் மூக்கையும் வாயையும் பொத்தி அடக்கிக்கொள்கிறார். எனக்கு அதுதான் பயம்.

நெடி மூக்கின் உள்சவ்வில் பட்டதும் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சேதி போகிறது. நெஞ்சும் வயிறும் இறுகி, தூசியைக் காற்றோடு வெளியே தள்ளுகின்றன. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அடைத்தால் அழுத்தம் தொண்டைக்கும் காதுக்கும் போகும். இங்கிலாந்தின் லெஸ்டரில் இப்படி அடக்கிய ஒருவருக்குத் தொண்டை உள்ளே கிழிந்ததை 2018இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அபூர்வம்தான். ஆனால் அண்ணனுக்கு இப்போதே காது அடைக்கிறது.

மண்டியில் வேலை பார்ப்பவர்களே, என்ன மாஸ்க் போடுகிறீர்கள்? துணி மாஸ்க்கில் நெடி நிற்கவில்லை. இந்த வெயிலில் நாள் முழுக்கப் போட முடிகிறதாக இருக்க வேண்டும். அப்புறம், பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போனால் சீக்கிரம் பார்க்கலாம்? அவருக்கு அரை நாள் லீவுதான் கிடைக்கும்.