பழைய துணிக் கூரை எட்டவில்லை, என்ன செய்யலாம்?

பழையவண்டி: என் 1926 ஃபோர்டு மாடல் டி காருக்கு, வேறொரு காரில் கழற்றிய துணிக் கூரை கிடைத்தது. துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் ஆணியடித்துவிட்டு முன்னால் இழுத்தால் கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு அங்குலம் எட்டவில்லை. ஒட்டுப்போடலாமா?

ஆணிப்பெட்டி: ஐயோ, வேண்டாம்! முதலில் கூரைத் துணியைத் தாங்கும் வளைவுச் சட்டங்களைப் பாருங்கள். அவற்றின் இடைவெளியைப் பிடித்து வைக்கும் நாடாப் பட்டை தளர்ந்திருந்தால் எந்தத் துணியும் சரியாக உட்காராது.

கான்வாஸ்: அப்புறம், வினைல் பூசிய துணி என்றால் வெயிலில் விரித்து வையுங்கள், கொஞ்சம் இளகும். பருத்தி என்றால் அவ்வளவு இளகாது. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், ஆணியைப் பாதி மட்டும் அடித்து, எல்லாம் சரி என்றான பிறகே முழுக்க இறக்குங்கள். பழைய துளையில் அடித்தால் மரச் சட்டத்தில் ஆணி இறுகப் பிடிக்காது.

பழையவண்டி: பார்த்தேன், நாடா பிய்ந்து தொங்குகிறது!