பழைய டெய்ஸ்கோ கித்தாருக்கு உதிரி பாகங்கள் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் வேலை பார்த்த எங்கள் ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, ஊருக்குக் கொண்டுவந்த டெய்ஸ்கோ எலக்ட்ரிக் கித்தார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. கானாடுகாத்தான் வீட்டில் பெட்டியோடு பத்திரமாக இருந்ததால் மரத்தில் பூச்சி இல்லை, கழுத்தும் வளையவில்லை.

பெரிய சிக்கல், தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பில்தான். இரண்டில் ஒன்று வேலை செய்கிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளது மல்டிமீட்டரில் ஓப்பன் (இணைப்பு இல்லை) என்று காட்டுகிறது. உள்ளே கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்க வேண்டும். புது பிக்கப் மாட்டிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஐயா வாசித்த ஒலியே அதில்தானே இருக்கிறது! பிக்கப்புக்குப் பொதுவாகச் சுற்றும் 42 கேஜ் கம்பியின் விட்டம் 0.063 மி.மீ. தான். மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டேன், அவ்வளவு மெல்லிய கம்பி அவர்களிடம் இல்லை. மதுரை, திருச்சி, சென்னை எங்கேயாவது பிக்கப் காயில் சுற்றித் தருபவர் உண்டா?

அப்புறம், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீ இரண்டு உடைந்திருக்கின்றன. இப்போது விற்பவற்றின் ஸ்குரூ துளைகள் பொருந்தவில்லை, பழைய மரத்தில் புதுத் துளை போட எனக்கு விருப்பமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரேடியோ குமிழ்கள்தான் கிடைத்தன. வால்யூம் கண்ட்ரோல் கரகரப்பது கான்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

பழுதாகிப்போன டெய்ஸ்கோ யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.