ஏழரை மணிச் செய்தியும் ஒரு சமையலறையும்

கிராக்கோவில் இருந்தவர்:

2019-இல் போலந்தின் கிராக்கோவ் நகரில், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்நாட்டு வழக்கப்படி அவரைப் 'பானி' என்றே அழைப்போம். பக்கத்து அறையில் குடியிருந்த போலந்து இளைஞர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பது பானிக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பானிக்காக மூன்று மாடிக்கு உருளைக்கிழங்கு மூட்டை சுமப்பதும், அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளை வாங்கி வருவதும் அந்த இளைஞர்தான்.

இரவு ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சியான டிவிபியில் செய்தி தொடங்கினால் சமையலறையில் பேச்சு நின்றுவிடும். (ஏழரை என்பது நம்மவர் காதில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) திரையின் அடியில் பெரிய எழுத்தில் வரும் தலைப்புப் பட்டைகளைப் படித்துத்தான் நான் போலிஷ் பழகினேன், ரொட்டி, பால் என்ற சொற்களோடு சித்தாந்தம், அச்சுறுத்தல் என்பவையும் சேர்ந்தே வந்தன. ஆகஸ்டில் எங்கள் நகரத்துப் பேராயரே, பால் சிறுபான்மையினரின் (எல்ஜிபிடி) அடையாளமான வானவில்லைச் சுட்டி, 'வானவில் கொள்ளைநோய்' என்று பிரசங்கம் செய்திருந்தார். அக்டோபர் 10 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னதாக, 'படையெடுப்பு' என்ற பெயரில் ஓர் ஆவணப்படத்தை டிவிபி ஒளிபரப்பியது. பால் சிறுபான்மையினரின் உரிமை கோரும் அமைப்புகள் நாட்டைக் கைப்பற்றத் திட்டமிடுவதாக, மிரட்டும் இசை பின்னணியில் ஒலிக்க, அது சொல்லிக்கொண்டே போயிற்று. இளைஞர் பாதியிலேயே எழுந்து, தம் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனார். மறுநாள் அவருடைய முதுகுப்பையில் எப்போதும் இருக்கும் சிறிய வானவில் பொத்தானைக் காணவில்லை; ஊசி குத்திய இரண்டு துளைகள் மட்டும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வாக்களித்துத் திரும்பிய பானி, "அந்த ஆட்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும்" என்றார். பக்கத்து அறையைக் காட்டி, "இவரிடமிருந்துமா?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "அவனா? அவன் நல்ல பையன். நான் எல்ஜிபிடியைச் சொல்கிறேன்."

லூப்ளினில் படித்தவர்:

அதே கூற்றை மறு ஆண்டு அப்போதைய குடியரசுத் தலைவர் தூதாவின் வாயிலிருந்தே கேட்டோம். 2020 ஜூனில், இவர்களை மனிதர்கள் என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார்கள், ஆனால் இது வெறும் சித்தாந்தம் என்று தூதா பிரசாரக் கூட்டத்தில் பேசினார். 'எல்ஜிபிடி சித்தாந்தத்துக்கு' எதிராக 2019 மார்ச்சிலேயே தீர்மானம் போட்ட ஷ்விட்னிக் எங்கள் லூப்ளினுக்குப் பக்கத்து ஊர். விடுதி வாயிலில் சாவி கொடுக்கும் அம்மாளின் அறையில் டிவிபி நாள் முழுவதும் ஓடும். "உங்கள் நாட்டில் இப்படிப்பட்டவர்கள் உண்டா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, எங்கள் மாநிலத்தில் 2008 முதல் திருநங்கையருக்கு நல வாரியமே உண்டு என்றேன். "அது வேறு, இது மேற்கிலிருந்து வருவது" என்று சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டினார். குடியரசுத் தலைவர் தேர்தலில் தூதா 51.03 விழுக்காடு வாக்குகளில் வென்றார். இவ்வளவு நெருக்கமான போட்டியில், டிவிபி அவருடைய பிரசாரக் கருவியாகவே இயங்கியது என்று ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கிராக்கோவில் இருந்தவர்:

ஆட்சி மாறிய பின், 2024 பிப்ரவரியில், அதே டிவிபியின் செய்தி வாசிப்பாளர் ஒருவர் இவர்கள் சித்தாந்தம் அல்லர், மனிதர்கள் என்று நேரலையில் மன்னிப்புக் கேட்டார். அதைப் பானி பார்த்தாரா என்று தொலைபேசியில் விசாரித்தேன். புது ஆட்சி வந்தவுடனேயே டிவிபி பார்ப்பதை நிறுத்திவிட்டு, பழைய ஆளுங்கட்சிக்கு ஆதரவான 'ரெப்புப்ளிகா' அலைவரிசைக்கு மாறிவிட்டாராம்.